முப்பத்தேழாம் நம்பர்ப் புளியமரம்

“வெட்டே கிடையாது. முப்பதாம் நம்பர் மரத்துல புறப்பட்ட கேமரா அம்பதாம் நம்பர் மரத்துலதான் நிக்கணும். இடையில கண்ணை மூடக் கூடாது” என்று டைரக்டர் நீலமேகம் சொன்னார்.

பக்கத்தில் கைகட்டி நின்ற ரோட்டு மேஸ்திரி சடையாண்டி, மென்றுகொண்டிருந்த வெற்றிலையைப் பாக்கோடு விழுங்கிவிட்டார்.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. அந்த ரோட்டில் முப்பத்தாறாம் நம்பர் மரம் இருந்தது. முப்பத்தெட்டாம் நம்பர் மரமும் இருந்தது.

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் போகிற ரோட்டோரப் புளியமரம் ஒவ்வொன்றும் சர்க்கார் சொத்து. இடுப்பில் சுண்ணாம்புப் பட்டை, பட்டைமேல் தாரில் நம்பர். ஒரு கிளை ஒடிந்தாலும் மேலே எழுதிப்போட வேண்டும். மரமே விழுந்தால், ஏலம் விடுகிற வரைக்கும் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். ஏலம் வருவதற்குள் மண்ணாகிப்போன மரங்கள் உண்டு.

போன ஐப்பசிப் புயலில் முப்பத்தேழு லேசாகச் சாய்ந்தது. விழவில்லை. விழுவதற்குச் சடையாண்டி கொஞ்சம் ஒத்தாசை செய்தார். அந்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். கிளைகள் பந்திக்கு விறகாயின. அடிமரம் நாகல் நகர் அக்பர் அலியின் கறிக்கடைக்குப் போய், கறி வெட்டும் கட்டையாக உட்கார்ந்துகொண்டது. எத்தனை கொத்து விழுந்தாலும் புளியங்கட்டை சிம்பு உதிர்க்காது என்பது அக்பர் அலியின் வியாபார ரகசியம்.

அதன் பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டில் போகிறவர்கள் போனார்கள், வருகிறவர்கள் வந்தார்கள். மரத்தை எண்ணிக்கொண்டு போகிறவன் யார்? இப்போது மரத்தை எண்ணுகிற இயந்திரம் ஒன்றோடு சென்னையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

சடையாண்டி மனசில் படமே ஓடியது. மதுரைச் சினிமாக் கொட்டகையில் பெரிய இன்ஜினியர் குடும்பத்தோடு சோபாவில் சாய்ந்திருக்கிறார். வெள்ளைத்திரையில் ஆள் உயரத்துக்கு முப்பத்தைந்து வருகிறது. முப்பத்தாறு வருகிறது. அப்புறம் முப்பத்தெட்டு வருகிறது. இன்ஜினியர் மெதுவாக நிமிர்ந்து உட்காருகிறார்.

இன்ஜினியராவது தூரத்தில் இருக்கிறவர். ஓவர்சியர் தெய்வசிகாமணி இன்னும் செத்த நேரத்தில் ஷூட்டிங் பார்க்க வரப்போகிறார். மைல்கல் ஒன்று சாய்ந்து நின்றது என்பதற்காகப் பழைய மேஸ்திரி வீரனை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். வீரன் இப்போது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்கிறார். சடையாண்டிக்குக் கொய்யாப்பழம் பிடிக்காது.

டைரக்டரோ படத்தின் முதல் காட்சியைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரைவிட்டு ஓடிப்போன கதாநாயகன் வருஷக்கணக்கு கழித்துச் சைக்கிளில் திரும்புகிறான். கேமராவை ஜீப்பில் கட்டி, என்ஜினை அணைத்து, ஆள் வைத்துத் தள்ள வேண்டும். சைக்கிளோடு கேமராவும் போகும். மரம், மரம், மரம் என்று தாளம் மாதிரிப் பின்னால் ஓடும். மரங்களுக்கு இடையில் திண்டுக்கல் மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வரும். அவன் ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஊர் அவனை இழுக்கிறது என்பது பார்க்கிறவனுக்குப் புரிந்துவிடும். நடுவில் எங்காவது வெட்டி ஒட்டினால், பார்க்கிறவன் விழித்துக்கொண்டு முறுக்கு வாங்கப் போய்விடுவான்.

சடையாண்டி தொண்டையைச் செருமினார்.

“ஓடிக்கிட்டே பாத்தா என்னத்தைங்க தெரியும்? ஒசக்க நின்னு பாருங்க. ஊரே தெரியும்.”

மேலிருந்து பார்த்தால் இடுப்பிலுள்ள நம்பர் தெரியாது. அவருக்குத் தெரிந்த சினிமா அவ்வளவுதான். ஆனால் டைரக்டர் பேச்சை நிறுத்தினார். சடையாண்டியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கட்டிப்பிடித்தார். இந்த ஆள் ரோட்டில் ஜல்லி கொட்டிக்கொண்டிருக்க வேண்டியவரே இல்லை என்று கேமராக்காரரிடம் சொன்னார். ரோட்டோரத்தில் பனை உயரத்துக்கு மூங்கில் சாரம் ஏறியது. டைரக்டர் மேலே போய், மேஸ்திரியையும் கூப்பிட்டார்.

மேலே போன பிறகுதான் சடையாண்டிக்குத் தன் புத்தியின் அளவு தெரிந்தது. புளியந்தலைகள் எல்லாம் ஒன்றோடொன்று கோத்துப் பச்சைச் சுவர் மாதிரி நின்றன. தூரத்தில் தெரிந்த சின்னப் பாலம் வரைக்கும் சுவரில் ஒரே ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் ஒரு எருமை தாராளமாகப் படுத்துப் புரளலாம். ஓட்டைக்கு அப்பால், பாலத்தைத் தாண்டி என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்குக் கண் எழவில்லை.

“அங்க என்ன மேஸ்திரி, பல்லு விழுந்த மாதிரி இருக்கு?”

“அது பொறந்ததுலேருந்தே அப்படித்தாங்க.”

டைரக்டருக்கு அந்த ஓட்டை பிடித்துப்போய்விட்டது. ரோடு முழுக்க நிழல், அந்த ஒரு இடத்தில் மட்டும் வெயில். கதாநாயகன் அந்த வெயிலில்தான் சைக்கிளை நிறுத்த வேண்டும். கேமரா வானத்திலிருந்து இறங்கி இறங்கி அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். படத்துக்குப் பேர் போடுவதும் அங்கேதான்.

பெரிய இன்ஜினியரின் சோபா இப்போது முன்வரிசைக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் கீழே சைக்கிள் மணி கேட்டது. காக்கி அரைக்கால்சட்டை, தலையில் தக்கைத்தொப்பி. ஓவர்சியர் தெய்வசிகாமணி அண்ணாந்து சாரத்தைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியதை அந்த உயரத்திலிருந்தே சடையாண்டி பார்த்தார்.

“இலாகா மண்ணுல சாரம் கட்ட யாரைக் கேட்டீங்க? மொதல்ல இறங்குங்க. எதுக்கு அம்புட்டு ஒசரம்? அங்கேருந்து பாத்தா என்னென்னமோ தெரியும்” என்றார் ஓவர்சியர்.

என்னென்னமோ என்ற சொல்லில் சடையாண்டி சாரத்தின் மூன்று படிகளைத் தவறவிட்டார்.

சாரம் பிரிக்கப்பட்டது. சடையாண்டி குலதெய்வத்துக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டார். நேர்ந்து முடிப்பதற்குள் ஓவர்சியர் நேராக நடந்துபோய் முப்பத்தாறுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில் நின்றார். கால் மாற்றி நின்றார். இந்த இடம்தான் சினிமாவுக்கு வாகானது என்றார். கேமரா எதுக்கு நாய் மாதிரி ரோடு முழுக்க ஓட வேண்டும்? தரையில் படுக்க வைத்தால் சக்கரம் மட்டும் தெரியும். சக்கரம் தெரிந்தால் ஊருக்குத் திரும்புகிறான் என்று தெரியாதா? இங்கேயே ஒரு பள்ளம் தோண்டிக்கொள்ளட்டும், ஆள் தருகிறேன் என்றார்.

டைரக்டர் ஓவர்சியரையும் கட்டிப்பிடித்தார். திண்டுக்கல்லில் ரோட்டு இலாகாவில் இத்தனை கலைஞர்கள் இருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டார்.

சடையாண்டியின் ஆட்களே பள்ளம் தோண்டினார்கள். கேமரா உள்ளே இறங்கியது. தரையோடு தரையாகப் பார்க்கிற கேமராவுக்குச் சைக்கிள் சக்கரம் தெரியும். சக்கரத்துக்குப் பின்னால் புல் தெரியும். புல்லுக்கு நடுவில், கணுக்கால் உயரத்துக்கு, கோடாலி வெட்டோடு ஒரு அடிக்கட்டையும் தெரியும்.

சடையாண்டி போய் அதன்மேல் உட்கார்ந்தார்.

“ஏலே சடையாண்டி. நான் நிக்கிறேன், நீ உக்காந்திருக்க?”

“இடுப்பு பிடிச்சுக்கிச்சுங்க. எந்திரிச்சா முறிஞ்சிரும்.”

வேறு நாளாக இருந்தால் இதற்கே ஒரு மெமோ கிடைத்திருக்கும். அன்று ஓவர்சியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாலத்தின் பக்கம் பார்த்தார். அதைப் பார்த்துச் சடையாண்டி கட்டைமேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார். எலி எங்கே இருக்கிறது என்று தெரிந்த பூனை அந்தப் பக்கம் பார்க்காது.

உச்சி வெயில் ஏறியது. அக்கம்பக்கமெல்லாம் நிழல்; சடையாண்டி உட்கார்ந்த இடத்தில் மட்டும் வெயில் கொதித்தது. அவர் மனைவி ஒச்சம்மாள் தூக்குச்சட்டியில் சோறும் வெஞ்சனமும் கொண்டுவந்து நிழலில் இலையைப் போட்டுக் கூப்பிட்டாள். அவர் நகரவில்லை.

“ஏன், மொட்டை வெயில்லதான் சோறு எறங்குமோ? கொஞ்சம் நகந்து உக்காந்தா கிரீடம் கீழ விழுந்திருமாக்கும்” என்றாள்.

அவர் அங்கேயே சாப்பிட்டார். அங்கேயே கை கழுவினார். கேமரா பள்ளத்தைவிட்டு ஏறிய பிறகு அவர் எழுந்தபோது வேட்டியில் வட்டம் வட்டமாக அந்த மரத்தின் வயசு பதிந்திருந்தது. விவரம் தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் புயல் அடித்த வருஷத்தைக்கூடச் சொல்லியிருப்பார்கள்.

பள்ளத்துக்குள் இருந்து கேமராக்காரர் குரல் வந்தது. சக்கரம் நன்றாகத் தெரிகிறதாம். ஆனால் சக்கரத்துக்குப் பின்னால் மேஸ்திரியின் பின்பக்கம் திரை முழுக்க இருக்கிறதாம். தன் படத்தை அப்படித் தொடங்க மனசில்லை என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

இதுதான் சமயம் என்று சடையாண்டி அடுத்த யோசனையை எடுத்துவிட்டார். நாற்பத்திரண்டாம் மரத்தோடு ஒரு சின்னப் பாலம் வரும். பாலத்துக்கு அப்பால் வேறு மேஸ்திரியின் எல்லை. அங்கே எத்தனை மரம், எந்த மரம் என்பதெல்லாம் சடையாண்டிக்குத் தேவையில்லாத விஷயம். அவர் தன் மரங்களையே எண்ணியவர் இல்லை.

“அந்தப் பக்கம் பாருங்கய்யா. மரமெல்லாம் சும்மா கல்யாணத் தூண் மாதிரி நிக்கும். உங்க ஓட்டம் முழுசையும் அங்கேயே ஓட்டிருங்க.”

டைரக்டர் நடக்கத் தொடங்கினார். பாலத்துக்கு முன்னால் போவதற்குள் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் பறந்து வந்து ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. ஓவர்சியருக்கு மூச்சு வாங்கியது. தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது.

அந்தப் பக்கம் போகக் கூடாது என்றார். மரத்துக்கு மரம் கடந்தைக் கூடு. ஒன்று கொட்டினால் கடப்பாரையில் குத்தின மாதிரி இருக்கும். போன வாரம் ஒரு பஸ் கண்டக்டரைக் கொட்டியதில் முகம் வீங்கி, வீட்டுக்குப் போனவரைப் பெண்டாட்டி யாரோ என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் இன்னும் டிப்போவில்தான் படுத்திருக்கிறார்.

டைரக்டர் திரும்பிவிட்டார். சடையாண்டிக்குச் சந்தேகமே இல்லை. கேமரா முப்பத்தேழைவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பதில் இந்த மனுஷன் குறியாக இருக்கிறார்.

போதாததற்கு ஓவர்சியர் இன்னொரு யோசனையும் சொன்னார். மரம், மலை, ரோடு ஒன்றுமே வேண்டாம். கதாநாயகனின் மூஞ்சியைத் திரை முழுக்கக் காட்டினால் போதும். காசு கொடுத்து வருகிற சனம் மூஞ்சியைப் பார்க்கத்தானே வருகிறது?

இதைக் கேட்டதும் சடையாண்டிக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் டைரக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

“எடுத்ததுமே மூஞ்சியைக் காட்டுறது, இலை போட்டதும் பாயசத்தை ஊத்துற மாதிரி. அவன் எந்த ஊருக்கு வாரான், எம்புட்டுத் தூரத்துலேருந்து வாரான்னு கேமரா நடந்து காட்டணும்யா. அப்புறந்தான் மூஞ்சி. நான் மொதல்ல சொன்னதுதான் ஷாட்டு. முப்பதுலேருந்து அம்பது. இனிமே ரோட்டு இலாகா வாயைத் திறக்க வேண்டாம்.”

திண்டுக்கல் தண்ணீர் குடித்ததில் டைரக்டருக்கே ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. கடந்தை கொட்டினாலும் பரவாயில்லை என்றார். நாளை சாயங்காலம் வெயில் சாயும்போது எடுக்க வேண்டும். எடுத்ததும் கதாநாயகன் ரயிலேறிவிடுவார். கையில் இருக்கிற ஃபிலிம் ஒரே ஓட்டத்துக்குத்தான் வரும். இரண்டாம் தடவை என்ற பேச்சே இல்லை.

ஒத்திகை நடந்தது. டைரக்டர் ஜீப்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு மரம் தாண்டும்போதும் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். முப்பத்திமூன்று, தட்டு. முப்பத்திநான்கு, தட்டு. ஜீப்பின் படியில் ஓவர்சியர் தொற்றிக்கொண்டு வந்தார். சடையாண்டி பின்னாலிருந்து தள்ளினார். முன்னால் தள்ளுவதைவிடப் பின்னால் இழுத்ததே அதிகம். முப்பத்தாறு, தட்டு. பிறகு டைரக்டரின் கை மேலே போய், இறங்க இடமில்லாமல் அந்தரத்தில் நின்றது.

“இங்க ஒரு தட்டு குறையுதே.”

அவர் வாக்கியத்தை முடித்ததும் ஜீப்பின் முன்சக்கரம், தரையில் படுத்த கேமராவுக்காகத் தோண்டிய பள்ளத்தில் இறங்கியது. ஜீப் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிட்டது. ஒத்திகை அதோடு முடிந்தது. எல்லோரும் ரோட்டில் உருண்டார்கள். ஓவர்சியர் மட்டும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, பாலத்தையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்து, ஒரு தரம் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் இருந்த திருப்தியைப் பார்த்து, வீரனுக்குப் பக்கத்தில் கொய்யாக்கடை போட இடம் கிடைக்குமா என்று சடையாண்டி யோசிக்கத் தொடங்கினார்.

செட்டு லாரிக்குப் பின்னால் ஆரோக்கியம் என்பவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சினிமாவுக்குக் கோயில், கோபுரம், சிங்காசனம் செய்கிறவர். சென்னையில் இருந்தாலும் வத்தலக்குண்டுப் பக்கத்து ஆள்தான். சடையாண்டி அவரிடம் போய், டைரக்டருக்கு ஒரு தட்டு குறைகிறதாம், அந்த இடத்தில் ஒரு மரம் வைத்தால் கலைக்கு நல்லது என்று சொன்னார். கலையைப் பற்றிப் பேசும்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆரோக்கியம் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். செய்துவிடலாம் என்றார்.

“ஆரு கேட்டாலும் சொல்லிறாதீங்க. முக்கியமா அந்தத் தொப்பி போட்டவருகிட்ட.”

“நான் எதுக்குச் சொல்லப் போறேன் மேஸ்திரி? பசை காய்ச்சிக் காய்ச்சி என் வாயே ஒட்டிப்போச்சு.”

மறுநாள் காலையில் ஜீப் விழுந்த பள்ளத்தை மூடினார்கள். மத்தியானம் முப்பத்தேழாம் நம்பர் மரம் மறுபிறவி எடுத்து நின்றது. அடிக்கட்டையைச் சுற்றி மூங்கில் பிளாச்சுக் கூடு, அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் காகிதம். காகிதத்தை ஒட்டிய பசை புளியங்கொட்டையில் காய்ச்சியது. அந்த வகையில் அது முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. மேலே உண்மையான கிளைகளைக் கட்டியிருந்தார்கள். சுண்ணாம்புப் பட்டையும் தார் நம்பரும் சடையாண்டியே தன் கையால் எழுதினார். ஒரு நாய் வந்து சுற்றி மோந்து பார்த்துவிட்டு, வழக்கமாகப் புளியமரத்துக்குச் செய்வதைச் செய்துவிட்டுப் போனது. அதற்குமேல் ஒரு சான்றிதழ் சென்னையில்கூடக் கிடைக்காது.

டைரக்டர் பார்த்தார். நேற்று மேலிருந்து ஓட்டை ஏன் தெரிந்தது, தட்டு ஏன் குறைந்தது என்று தன் கையையே திருப்பிப் பார்த்துக்கொண்டார். தூக்கமில்லாததால் வந்த மயக்கம் என்று கேமராக்காரர் ஆறுதல் சொன்னார்.

சடையாண்டி முதல் மூச்சு விடும்போது அக்பர் அலியின் ஜட்கா வந்து நின்றது. கம்பெனிக்குப் பிரியாணி. சட்டியை இறக்கியதும், ஓவர்சியர் இரண்டு எட்டில் நிற்பதைக் கவனிக்காமல், அக்பர் அலி சடையாண்டியின் தோளில் கைபோட்டார்.

“மச்சான், உங்க மரம் ஒண்ணாம் நம்பர். கத்தி படப் படக் கண்ணாடி மாதிரி மெருகு ஏறுது. இன்னொண்ணு சாஞ்சா நமக்கே சொல்லுங்க.”

ஓவர்சியர் மெதுவாகத் திரும்பினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கோபம் தலைக்கு ஏறிவிட்டால் சிலருக்கு அப்படித்தான் வெளுத்துப்போகும்.

“சட்டியில கறி இருக்கா பாய், இல்ல பேச்சு மட்டுந்தானா?” என்று கேட்டார் ஓவர்சியர். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல், அவசர ஜோலி இருக்கிறது என்று பாலத்தின் பக்கம் விறுவிறுவென்று நடந்துபோனார்.

தந்தியடிக்கத்தான் போகிறார் என்று சடையாண்டி முடிவு கட்டினார்.

வெயில் சாய்ந்தது. கூடவே காற்றும் எழுந்தது. ஆடிக் காற்று. மற்ற மரங்களுக்கெல்லாம் தலை ஆடியது. முப்பத்தேழுக்கு மட்டும் அடியோடு ஆடியது. சைக்கிளில் வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். ஆரோக்கியம் ஓடிவந்து காதில் சொன்னார்: மூங்கில் நடத் தோண்டி மூடிய மண், பிடிப்பே இல்லை. உள்ளே ஒரு ஆள் நின்று மூங்கிலைப் பிடித்துக்கொண்டால் ஒழிய மரம் நிற்காது. விஷயம் தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது.

விஷயம் தெரிந்த ஆள் ஒருவர்தான். சடையாண்டி தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்துக்குள் போனார். ஆரோக்கியம் பின்பக்கச் சாக்கைத் தைத்து, மேலே காகிதத்தை ஒட்டிவிட்டார்.

உள்ளே ஒரே புழுக்கம். பசை நாற்றம். பசைக்கு வந்த சித்தெறும்புகள், பசையைவிட மேஸ்திரி ருசியாக இருப்பதைக் கண்டுபிடித்து, ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பின. இரண்டு கையும் மூங்கிலில் இருந்ததால் அவரால் சொறியக்கூட முடியவில்லை. கண்ணுக்கு நேராக மரத்தில் ஒரு பொந்து வைத்திருந்தார் ஆரோக்கியம். அதன் வழியாகச் சடையாண்டி பார்த்தார்.

கதாநாயகன் சைக்கிளோடு நிற்கிறார். ஜீப்பில் கேமரா. கூட்டத்தைக் கயிறு கட்டி ஒதுக்கியிருக்கிறார்கள். அக்பர் அலி இருக்கிறார். ஒச்சம்மாள்கூட, புருஷன் எங்கே போய்த் தொலைந்தார் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஓவர்சியர் மட்டும் இல்லை.

சினிமா என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்று இரண்டு நாளாகக் கூடவே திரிந்த மனுஷன், படம் பிடிக்கிற நேரத்தில் இல்லை. எங்கே போனார்? மதுரை இன்ஜினியரைக் கூப்பிட்டு வருகிறாரா? போலீசையா? ஒருவேளை இந்த மரத்துக்குப் பின்னாலேயே பிரம்போடு நின்று, எப்போது தட்டலாம் என்று காத்திருக்கிறாரா? சடையாண்டிக்குத் திரும்பிப் பார்க்கவும் வழியில்லை.

ஜீப் நகர்ந்தது. தள்ளுகிற ஆட்களின் காலடி மட்டும் கேட்டது. தட்டு. தட்டு. சைக்கிள் வருகிறது. வெயில் நீளமாக விழுந்து கதாநாயகன் முகம் பொன்னாகிறது. அவர் மலையைப் பார்க்கிறார். அந்த நிமிஷத்தில் சடையாண்டிக்கே, இவன் எங்கேயோ போய்க் கஷ்டப்பட்டுத் திரும்பி வந்தவன்தான் என்று தோன்றியது. முப்பத்திநான்கு, தட்டு.

காற்று ஒரு தூக்குத் தூக்கியது. மரம் ரோட்டுப் பக்கம் சாய்ந்தது. சடையாண்டி தொங்கினார். கால் தரையைவிட்டு எழும்பியது. முப்பத்தைந்து, தட்டு. ஒரு எறும்பு காதுக்குள் போய் வீடு பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூங்கிலை நெஞ்சோடு இழுத்தார். மகள் கல்யாணத்துக்கு வெட்டும்போதுகூட அந்த மரம் இம்புட்டுப் பாடு படுத்தவில்லை. முப்பத்தாறு, தட்டு.

கேமராவின் கண்ணாடி பொந்துக்கு நேராக வந்தது. இரண்டு கண்ணும் ஒன்றையொன்று பார்த்தன. சடையாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

தட்டு.

முப்பத்தேழு தாண்டிவிட்டது. முப்பத்தெட்டு, தட்டு. சத்தம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. பாலத்தைத் தாண்டியும் தட்டு விழுந்துகொண்டே இருந்தது. ஐம்பது வரைக்கும் ஒரு தட்டுகூடக் குறையவில்லை. பிறகு தூரத்தில் டைரக்டரின் குரல், அதை அமுக்கிக்கொண்டு கூட்டத்தின் விசில். இந்த மாதிரி ஒரு முதல் காட்சியை யாரும் எடுத்ததில்லை, ரோட்டு இலாகாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று டைரக்டர் கத்துவது காற்றில் வந்தது.

கூட்டம் கதாநாயகனைப் பார்க்க ஓடிவிட்டது. மரத்துக்குள் சடையாண்டி எறும்புகளோடு சேர்ந்து அழுதார். வேலை தப்பியது. ஆனால் ஓவர்சியர் எங்கே?

வெளியே யாரோ மரத்தை மெதுவாகத் தட்டினார்கள். சடையாண்டிக்கு உயிர் போய் வந்தது.

“நான்தான் மேஸ்திரி” என்றது ஆரோக்கியத்தின் குரல்.

“சாக்கை இப்பப் பிரிச்சிராதீங்க. அந்தத் தொப்பிக்காரரு எங்கேயோ பக்கத்துலதான் நிக்கிறாரு. அவரு போகட்டும்.”

ஆரோக்கியம் கத்தரிக்கோலை மடியில் செருகிக்கொண்டார்.

“அப்ப செத்த நேரம் உள்ளேயே இருங்க மேஸ்திரி. நாப்பத்தஞ்சாம் நம்பர் மரத்துக்குள்ள ஓவர்சியர் ஐயாவுக்கு மூச்சு முட்டுதாம். அவரை மொதல்ல வெளிய எடுத்துட்டு வாரேன்.”